பிழை யாருடையது?

வெள்ளகவிக்குப் போகிறவர்கள் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். கொடைக்கானலுக்குக் கீழே, பழனி மலையின் தெற்குச் சரிவில் இருக்கும் சிற்றூர் அது. வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து காட்டு வழியே இறங்கிப் போகலாம். பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து ஏறியும் வரலாம். பல தலைமுறைகளாக இரண்டும் நடைபாதைகள்தான். வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருப்பதால் ஊர் முழுவதையும் கோயிலாகவே நினைக்கிறார்கள். அதனால் ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. புதிதாக வருகிறவருக்கு இது தெரியாது. தெரியாததற்காக அவரை யாரும் ஏசுவதும் இல்லை. "இங்கே செருப்பு போட மாட்டோம், கோயில் ஊர், கழற்றிக் கையில் எடுத்துக்கோங்க" என்பார்கள். எது பொருந்தவில்லை, ஏன், இனி என்ன செய்யலாம் ஆகிய மூன்றும் அதில் வந்துவிடுகின்றன.

செருப்பு என்றதும் நம்மில் பலருக்கு, குறிப்பாகத் தலித் பெண்களுக்கு, வேறு நினைவும் வரும். ஆதிக்க சாதித் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைத்த ஊர்கள் தென்மாவட்டங்களில் நிறைய. அந்த விதி ஆளைப் பார்த்து மாறும். புனிதத்தின் பெயரால் பெண்கள்மீது சுமத்தப்பட்ட விதிகளும் தனிக்கதை. வெள்ளகவி வழக்கத்தை நான் எடுத்துக்கொள்வது அதன் புனிதத்துக்காக அல்ல. அந்த விதி எல்லாக் காலுக்கும் பொது. அதை எல்லையிலேயே சொல்லிவிடுகிறார்கள், சொன்னதைச் செய்ய வருகிறவராலும் முடிகிறது. பொருந்தாமை என்பது குற்றம் அல்ல என்று தெரிந்த ஊர் பேசும் விதம் அது.

நம் கையில் இருக்கும் ஃபோனும் கணினியும் தினமும் இதே வேலையைச் செய்கின்றன. "உன் பதிப்பு பழையது, உள்ளே வர முடியாது" என்கின்றன. ஆனால் அவை பேசும் விதம் வேறு. அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெண்கள் இரண்டு இடங்களில் நிற்கிறார்கள்: செய்தியைப் பெற்றுத் திகைப்பவர்களாகவும், அந்தச் செய்தியைச் சரியாகச் சொல்ல முயன்றவர்களாகவும்.

அலுமினியப் பாத்திரமும் இண்டக்‌ஷன் அடுப்பும்

முதலில் அந்தப் பொருந்தாமை என்னவென்று பார்ப்போம். கேஸ் அடுப்பில் வருஷக்கணக்கில் சோறு வடித்த அலுமினியப் பாத்திரத்தை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் சூடாகாது. பாத்திரத்தில் ஓட்டை இல்லை, அடுப்பும் கெடவில்லை. அந்த அடுப்பு காந்தப் புலத்தால் சூடேற்றுகிறது, அதற்குக் காந்தம் ஒட்டும் அடி வேண்டும். ஆனால் அடுப்பு இதைச் சொல்வதில்லை. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்ன, கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். முதல் தடவை வைத்தவள் தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டதாகத்தான் நினைப்பாள்.

மென்பொருளும் இப்படித்தான். ஒரு செயலி தானாக ஓடுவதில்லை. அதைத் தாங்கி ஓட்டுவதற்கு அடியில் இன்னொரு மென்பொருள் வேண்டும். அதை ரன்டைம் என்கிறார்கள், நம் கணக்கில் அதுதான் அடுப்பு. ஆண்ட்ராய்டு ஃபோனில் ஆண்ட்ராய்டு அந்த வேலையைச் செய்கிறது. பைத்தான் மொழியில் எழுதிய நிரலுக்குப் பைத்தான் இயக்கி, ஜாவா நிரலுக்கு ஜாவா இயக்கி. செயலியை எழுதுகிறவர்கள் "குறைந்தது இந்தப் பதிப்பாவது வேண்டும்" என்று ஓர் எண்ணைக் குறித்துவிடுவார்கள். உங்கள் ஃபோனில் அதற்கும் கீழான பதிப்பு இருந்தால் செயலி ஏறாது. பழைய ஆண்ட்ராய்டில், யாரோ அனுப்பிய செயலிக் கோப்பை நேரடியாக ஏற்ற முயன்றால், "பேக்கேஜைப் பார்ஸ் செய்வதில் சிக்கல்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் வரும். எந்த பேக்கேஜ், பார்ஸ் என்றால் என்ன, சிக்கல் யாரிடம்? எதற்கும் பதில் இருக்காது. உண்மைக் காரணம் ஃபோனின் ஆண்ட்ராய்டு பழையது என்பதாக இருக்கலாம், ஆனால் அந்த வரியில் அது இல்லை.

இந்தப் பழைய ஃபோன் யார் கையில் இருக்கிறது? நம் வீடுகளில் புது ஃபோன் வாங்கினால் அது மகனுக்கோ கணவருக்கோ போகும், அவர் வைத்திருந்தது அம்மாவுக்கு வரும். திரையில் கீறல், பேட்டரி உப்பல், மெமரி நிறைந்திருக்கும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் ஏறக்குறைய 54 விழுக்காட்டினரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி இருந்தது. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57 விழுக்காடு. ஆகவே "உங்கள் சாதனம் ஆதரிக்கப்படவில்லை" என்ற செய்தி எல்லா வீட்டுக்கும் போனாலும், வீட்டுக்குள் அது போய்ச் சேரும் ஆள் பெரும்பாலும் பெண்.

ஆதரவு நிறுத்தம் என்பதற்கும் இந்த மலையில் ஒரு கதை உண்டு. 1821இல் பழனி மலையை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் பி.எஸ். வார்ட் வெள்ளகவியைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்துதான் கொடைக்கானலுக்கு ஏறினார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டுவதற்கு முன்பே அந்தப் பாதை இருந்தது. பிறகு வத்தலக்குண்டு பக்கமாக மோட்டார் சாலை வந்தது, கொடைக்கானல் அந்தச் சாலையோடு வளர்ந்தது. வெள்ளகவிப் பாதையை யாரும் மூடவில்லை. அரசின் கவனம் வேறு சரிவுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். அந்தப் பாதையை நம்பியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அரிசி மூட்டை மலைமேலிருந்து இறங்கியது, பிரசவ வலி வந்த பெண்களை டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். மென்பொருள் உலகில் "இந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது" என்று அறிவிக்கும்போதும் இதேதான் நடக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 5க்குக் கீழான ஃபோன்களில் ஓடாது என்று நிறுத்தப்பட்டது. ஃபோன் உடையவில்லை, அதை வைத்திருப்பவள் எதுவும் செய்யவில்லை. பாதை வேறு பக்கம் போய்விட்டது.

பிழைச் செய்தி ஒரு பெண்ணாக இருந்த காலம்

இயந்திரம் மறுக்கும்போது அதை மனிதருக்கு விளக்கிச் சொல்லும் வேலை முதலில் யாருடையதாக இருந்தது? தொலைபேசி வந்த புதிதில் இணைப்பகங்களில் பையன்களை வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் சந்தாதாரர்களிடம் கத்தினார்கள், கேலி செய்தார்கள். 1878 செப்டம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அதன்பின் உலகம் முழுக்க அது பெண்களின் வேலையாயிற்று. குரல் இனிமை, பொறுமை என்று காரணம் சொன்னார்கள். குறைந்த கூலி என்ற காரணம் அதற்கு அடியில் இருந்தது.

அந்தப் பெண்கள் வெறும் கம்பியை இணைக்கவில்லை. லைன் கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை, எவ்வளவு நேரம் ஆகும், வேறு வழி உண்டா என்று சொன்னதும் அவர்கள்தான். டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்த காலத்தை நம் அம்மாக்களும் பாட்டிகளும் அறிவார்கள். "லைன் பிஸி, அரை மணி கழித்துத் தருகிறேன்" என்பது முழுமையான ஒரு பிழைச் செய்தி. 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்தது. ஊர் ஊராக நேரடி டயல் பரவப் பரவ ஆபரேட்டர்கள் குறைந்தார்கள். அவர்கள் இடத்தில் பதிவுசெய்த குரல் வந்தது, அதுவும் பெண் குரல்தான். எண்ணைச் சரிபார்க்கச் சொல்லிக்கொண்டே இருக்கும், கேள்வி கேட்டால் பதில் வராது. பெண்ணின் இனிமையை வைத்துக்கொண்டு, அவளுடைய அறிவை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. "பயனருக்கு இதமான" செய்தி என்று பேசும்போது இனிமையையும் உதவியையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். "அச்சச்சோ! ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று சிரித்த முகத்தோடு வரும் இன்றைய செய்திகள் இனிமையானவை. எந்த உதவியும் அவற்றில் இல்லை.

ஒரே நிரல், இரண்டு இயந்திரங்கள்

கணினியின் தொடக்கத்திலும் இப்படித்தான். 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும் அன்றைய விருந்துக்கு அழைக்கப்படவில்லை. இயந்திரத்தைக் கட்டுவது அறிவு வேலை, அதை மனிதருக்கு ஏற்பப் பழக்குவது எழுத்தர் வேலை என்று அன்று நினைத்தார்கள். அந்த "எழுத்தர் வேலை"யில்தான் நம் கதை இருக்கிறது.

கிரேஸ் ஹாப்பர் 1952இல் முதல் கம்பைலர்களில் ஒன்றை உருவாக்கினார். எண்களால் மட்டுமே கட்டளை கொடுக்க முடிந்த கணினிக்குச் சொற்களால் கட்டளை கொடுக்கலாம் என்பது அவருடைய வாதம். அதைக் காட்டுவதற்காக ஒரே நிரலை ஆங்கிலச் சொற்களிலும், பிறகு பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். நிர்வாகம் மகிழவில்லை, மிரண்டுபோனது. அமெரிக்காவில் செய்த கணினி எப்படிப் பிரெஞ்சும் ஜெர்மனும் பேசும் என்று கேட்டார்களாம். ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த மாதக்கணக்கில் ஆயிற்று என்று ஹாப்பர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். கணினிக்கு எந்த மொழியும் ஒன்றுதான். ஆங்கிலம் மட்டும் என்று முடிவுசெய்தது இயந்திரம் அல்ல, ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்கள்.

அப்போது ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் தனி மொழி. ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது. 1959இல் பரோஸ் நிறுவனத்தில் இருந்த மேரி ஹாஸ், எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான வணிக மொழி ஒன்று வேண்டும் என்று முதலில் கேட்டார். அதிலிருந்து கோபால் மொழி பிறந்தது. அதை வடிவமைத்து முடித்த ஆறு பேர் குழுவில் ஜீன் சாமெட், கெர்ட்ரூட் டியர்னி ஆகிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். 1960 டிசம்பரில் ஆர்.சி.ஏ., ரெமிங்டன் ராண்ட் என்ற இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஏறக்குறைய ஒரே கோபால் நிரல் ஓடிக் காட்டியது. பொருந்தாமையைத் தாண்டிய நாள் அது.

ஆனால் பொருத்தம் ஒருநாள் விழாவோடு முடிகிற விஷயம் அல்ல. விரைவிலேயே ஒவ்வொரு நிறுவனமும் கோபாலுக்குத் தன் சொந்தச் சேர்க்கைகளைப் போட்டது. பெயர் ஒன்று, பதிப்புகள் பல. அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஹாப்பரை 1967இல் திரும்பக் கூப்பிட்டது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். அப்போது அவருக்கு வயது 60. ஒரு கம்பைலர் உண்மையிலேயே தரப்படுத்திய கோபாலைப் புரிந்துகொள்கிறதா என்று சோதிக்கும் நிரல்கள் அவர் தலைமையில் எழுதப்பட்டன. எனியாக்கின் ஆறு பெண்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்டன், அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் ஃபோர்ட்ரான் மொழிக்கு இதே வேலையைச் செய்தார். எலிசபெத் பார்க்கருடன் அவர் எழுதிய சோதனை நிரல்கள் 1974இல் வெளிவந்தன. புதிய மொழியைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் பாடப் புத்தகத்தில் வரும். பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று வருஷக்கணக்கில் சரிபார்த்தவர்களின் பெயர் அவ்வளவாக வராது. வீட்டில் சமைப்பது கண்ணுக்குத் தெரியும், பாத்திரம் கழுவுவது தெரியாது என்பதுபோல.

குற்றம் சாட்டும் சொற்கள்

அந்தக் காலத்துக் கணினிகள் எந்தச் சொற்களில் மறுத்தன? "சட்டவிரோதம்", "மரண அடி", "கருக்கலைப்பு". மிகையாகச் சொல்லவில்லை. இல்லீகல், ஃபேட்டல், அபார்ட் ஆகிய சொற்களுக்கு அதுதான் பொருள். விண்டோஸ் 95 காலத்தில், நிரல் "சட்டவிரோதச் செயல்" செய்துவிட்டதாகவும் அதனால் மூடப்படுவதாகவும் ஒரு பெட்டி வரும். டைப்ரைட்டரை விட்டுக் கணினிக்கு மாறியிருந்த அலுவலகப் பெண்களில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து அதை முதன்முதலாகப் படித்தால் எப்படி இருந்திருக்கும்? தான் எந்தச் சட்டத்தை மீறினோம் என்றுதான் நினைத்திருப்பாள். 1982இலேயே பென் ஷ்னைடர்மன் என்ற ஆய்வாளர் இந்தச் சொற்களை மாற்ற வேண்டும் என்று எழுதினார். கண்டிக்கும் தொனி வேண்டாம், எது தவறு என்று குறிப்பாகச் சொல்லுங்கள், திருத்தும் வழியைச் சொல்லுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அப்படி மாற்றினால் மக்கள் வேலையை நன்றாகச் செய்கிறார்கள் என்று சோதனைகளில் காட்டினார்.

பதிப்புப் பொருந்தாமைக்கு மிகப் பேர்போன செய்தி ஜாவாவினுடையது. தொகுக்கப்பட்ட ஒவ்வொரு ஜாவா கோப்பின் தலையிலும் இரண்டு விஷயங்கள் இருக்கும். முதல் நான்கு பைட்டுகள் அது ஜாவா கோப்புதான் என்பதற்கான அடையாளம். அடுத்த நான்கு அதன் பதிப்பு எண். கோப்பின் உள்ளே எவ்வளவு புதிய விஷயம் இருந்தாலும், எவ்வளவு பழைய இயக்கியும் தலைப்பைப் படித்து "இது எனக்குப் புதிது" என்று சொல்ல முடியும். வாசற்படியிலேயே சொல்லிவிடும் ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் வெளியே வந்த வார்த்தை என்ன? ஜாவா 7 இருக்கும் கணினியில் ஜாவா 8க்கான நிரலை ஓட்டினால் "ஆதரிக்கப்படாத மேஜர்.மைனர் வெர்ஷன் 52.0" என்று வரும். 52 என்பது ஜாவா 8இன் உள் எண். இது தெரிந்தவருக்குத்தான் அந்தச் செய்தி புரியும். தெரிந்தவருக்கோ அது தேவையே இல்லை. பிற்பாடு திருத்தினார்கள். "இந்தக் கோப்பு புதிய பதிப்பில் தொகுக்கப்பட்டது, இதன் எண் இது, உங்கள் இயக்கிக்கு இந்த எண் வரைதான் தெரியும்" என்று இரண்டு பக்கத்தையும் சொல்கிறது இன்றைய செய்தி.

அந்த முதல் நான்கு பைட்டுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கணினியாளர்கள் பயன்படுத்தும் பதினாறடிமான எண்முறையில் பத்து இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் எண்களாகும். அவற்றை வைத்துச் சொல் கோக்கலாம். ஜாவாவின் அடையாள எண்ணை அப்படிப் படித்தால் "கஃபே பேப்" என்று வரும். பேப் என்பது பெண்ணை "குட்டி" என்பதுபோல அழைக்கும் ஆங்கிலக் கொச்சை. உலகெங்கும் உள்ள ஒவ்வொரு ஜாவா கோப்பும் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. அது வேடிக்கையாக வைத்த பெயர், யாரையும் புண்படுத்த வைத்ததல்ல என்பார்கள். இருக்கட்டும். அந்த அறையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை அந்த நான்கு பைட்டுகள் சொல்கின்றன.

பழையவளின் மொழியில்

இங்கே மாணவிகள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது. நடுவில் பதினோரு ஆண்டுகள் இரண்டும் அருகருகே இருந்தன. "பைத்தான் 3 தேவை" என்று இதமாகச் சொல்லும் ஒரு வரியைப் பலர் தங்கள் நிரலின் தொடக்கத்தில் எழுதினார்கள். ஆனால் அந்த வரி பல நேரம் ஓடவே இல்லை. காரணம், பைத்தான் இயக்கி ஒரு கோப்பை ஓட்டுவதற்கு முன் அதை முழுவதும் வாசித்து இலக்கணம் பார்க்கும். கோப்பின் கீழே எங்கோ மூன்றாம் பதிப்பின் புதிய இலக்கணம் இருந்தால், பழைய இயக்கி அங்கேயே "இலக்கணப் பிழை" என்று நின்றுவிடும். மேலே எழுதிவைத்த அன்பான வரிக்கு வாய் திறக்க வாய்ப்பே வராது.

இதற்குத் தீர்வு எளிது. பதிப்பைச் சரிபார்க்கும் பகுதியைத் தனிச் சிறு கோப்பில், பழைய இயக்கிக்கும் புரியும் பழைய இலக்கணத்தில் எழுத வேண்டும். அது முதலில் ஓடி, பதிப்பு போதும் என்றால் மட்டும் புதிய கோப்பைக் கூப்பிட வேண்டும். அதாவது "நீ உள்ளே வர முடியாது" என்று ஒருவரிடம் புரியும்படி சொல்வதற்குக்கூட அவருடைய மொழி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழையதை முழுக்க மறந்துவிட்டவர்களால் அதை மரியாதையாக மறுக்கவும் முடியாது. புதியதைச் செய்கிற உற்சாகத்தில் பழையதை நினைவில் வைத்திருக்கும் ஒருத்தி குழுவில் தேவை.

தமிழில் கணினி பயன்படுத்தியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எழுத்துருக் குறியீடு. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. ஒரு குறியீட்டில் தட்டிய கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் குப்பை எழுத்துகள் வரும். யூனிகோடுக்குள்ளும் பதிப்புகள் உண்டு. 'ஶ' என்ற எழுத்து 2005இல்தான் அதில் சேர்ந்தது, பழைய கருவியில் அதன் இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் தெரியும். செய்தியே இல்லாத பிழை அது. பிறகு தன்னார்வலர்கள் மென்பொருள்களைத் தமிழாக்கியபோது 'எரர்' என்பதற்குப் 'பிழை' என்று வைத்தார்கள். அழகான சொல்தான். ஆனால் தமிழில் பிழை செய்வது மனிதர்கள். "பிழை: ஆதரிக்கப்படாத பதிப்பு" என்று படிக்கிறவள், பிழை தன்னுடையது என்றுதான் எடுத்துக்கொள்வாள். "பொருந்தவில்லை" என்ற சொல் இந்த இடத்துக்கு இன்னும் நேர்மையானது. பொருந்தாமைக்கு இரண்டு பக்கம் உண்டு.

நிலவில் இருந்தவர்களுக்கும் விளங்கவில்லை

பிழைச் செய்தி புரியாமல்போவது படிப்பறிவின் குறை என்று நினைப்பவர்களுக்கு அப்போலோ கதையைச் சொல்ல வேண்டும். அப்போலோ விண்கலங்களின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன். வார இறுதிகளில் சின்ன மகளையும் வேலைக்குக் கூட்டிப்போவார். ஒருநாள் அந்தக் குழந்தை மாதிரி இயந்திரத்தில் விளையாடும்போது, பறந்துகொண்டிருக்கும் நிலையில் புறப்படுவதற்கு முந்தைய நிரலை அழுத்திவிட்டாள். எல்லாம் நின்றுபோனது. இதைத் தடுக்கும் சோதனையைச் சேர்க்கலாம் என்று ஹாமில்டன் கேட்டார். விண்வெளி வீரர்கள் தவறு செய்ய மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். "பறக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்" என்று குறிப்பேட்டில் எழுதிவைக்க மட்டும் முடிந்தது. 1968 டிசம்பரில் அப்போலோ 8இல் ஜிம் லவல் அதையே செய்தார். வழிகாட்டும் தரவுகள் அழிந்தன. பூமியிலிருந்து மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு ஜூலை 20இல் அப்போலோ 11 நிலவில் இறங்கும்போது திரையில் 1202 என்று எச்சரிக்கை வந்தது. உள்ளே இருந்த ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் அதன் பொருள் தெரியவில்லை, பூமியிடம் கேட்டார்கள். எச்சரிக்கை எண்களைக் கையால் எழுதி மேசையில் வைத்திருந்த ஓர் இளைஞர் கீழே ஹூஸ்டனில் இருந்தார். ஆபத்தில்லை, தொடரலாம் என்று பதில் போனது. கணினி திணறும்போது முக்கியமான வேலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்படி மென்பொருள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. உலகின் மிகச் சிறந்த பயிற்சி பெற்ற இரண்டு ஆண்களுக்கும் பிழை எண் விளங்கவில்லை. யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஊரே விழித்திருந்தது.

மலைச்சரிவில் இருப்பவளுக்கு யார்?

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் வேலை செய்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அவர்களின் வருகையைப் பதிய 2021 மே மாதத்தில் ஒன்றிய அரசு ஒரு கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் அது கட்டாயமாயிற்று. நாளைக்கு இரண்டு தடவை, இடமும் நேரமும் பதிந்த படம் ஏற்ற வேண்டியிருந்தது. படம் ஏறாவிட்டால் வருகை இல்லை, வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. அந்தப் படத்தை எடுக்க வேண்டியவர் பணித்தளப் பொறுப்பாளர், பெரும்பாலும் பெண். சொந்த ஃபோனில், சொந்த டேட்டாவில் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்று பல மாநிலத் தொழிலாளர் அமைப்புகள் சொல்லின. அந்த ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நூறு நாள் போராட்டம் நடத்தினார்கள். செயலியைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று.

இப்படிப்பட்ட ஒரு செயலி ஒரு காலையில் "புதிய பதிப்பு தேவை" என்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். மண்வெட்டியோடு முப்பது பெண்கள் காத்திருக்கிறார்கள். ஃபோனில் இடமில்லை, ஆண்ட்ராய்டு பழையது, மலை மறைப்பதால் சிக்னல் இல்லை. பூமியிலிருந்து பதில் சொல்ல யாரும் விழித்திருக்கவில்லை. அப்போது திரையில் வரும் இரண்டு வரிதான் அவளுக்கு அரசாங்கம். "பிழை 52" என்று வந்தால், முப்பது பேரும் பார்ப்பது அவள் முகத்தை. "உனக்கு ஃபோனே பார்க்கத் தெரியலையா?" என்ற கேள்வி அவளிடம் வரும், செயலியிடம் போகாது.

அதே இடத்தில் இப்படி வந்தால்? "இந்தச் செயலிக்கு ஆண்ட்ராய்டு 8 வேண்டும். இந்த ஃபோனில் ஆண்ட்ராய்டு 6 இருக்கிறது. நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. இன்றைய வருகையைக் காகிதப் பதிவேட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முழுக் கூலி உண்டு. இந்தச் செய்தியை ஊராட்சி அலுவலகத்தில் காட்டுங்கள்." எழுதுவது கடினமில்லை. எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நிரலில் ஐந்தாறு வரி. கடினமானது அதன் நான்காம், ஐந்தாம் வாக்கியங்கள். காகிதப் பதிவேடு செல்லும் என்று விதி இல்லாவிட்டால் அந்த வாக்கியங்களை யாராலும் நேர்மையாக எழுத முடியாது. செய்தியின் இதம் விதியின் இதத்தைத் தாண்டிப் போகாது.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. மென்பொருள் படிக்கும் மாணவிகள் தங்கள் முதல் வேலையில் கேட்கலாம்: நாம் ஆதரவை நிறுத்தும் பழைய ஃபோனில் என்ன வரி தெரியும், அதை அந்த ஃபோனிலேயே போட்டுப் பார்த்தோமா? "பழைய ஃபோன் எதற்கு, யார் வைத்திருக்கிறார்கள்?" என்று பதில் வரலாம். அம்மாவின் ஃபோனை எடுத்துப்போய் மேசையில் வையுங்கள். பொறியியல் தெரியாத நாம் எல்லோரும் ஊராட்சியில், ரேஷன் கடையில், வங்கியில் கேட்கலாம்: இந்த இயந்திரம் ஏற்காவிட்டால் வேறு வழி என்ன, அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? பதில் வரும்வரை நகர வேண்டியதில்லை.